தேசப்பன் காருக்கு நாலு டயர்

பொன்னேரி சாலையில் இருபத்தாறு வருஷம் டயர் கடை வைத்திருந்தேன். சின்னக் காருக்கு டயர் பார்ப்பது எப்படி என்று தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். அதற்கு லைட்ஹவுஸ் குப்பத்து தேசப்பன் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

தேசப்பனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. கடலில் அவர் வைத்ததுதான் சட்டம். கரையில், கருவாட்டு வியாபாரம் பார்க்கும் அவர் மனைவி கஸ்தூரி வைத்ததுதான் சட்டம். பழைய கார் ஒன்றை வாங்கிய கையோடு ஒரு மத்தியானம் இருவரும் கடைக்கு வந்தார்கள். எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் செல்வியைப் பிரசவத்துக்கு அழைத்துவர மறுநாள் காலை நெல்லூருக்குக் கிளம்ப வேண்டும்.

"மேஸ்திரி, காத்து மட்டும் புடி. டயரு புச்சு மாரி கீது" என்றார் தேசப்பன்.

ரோட்டில் படும் பட்டன் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். முதல் இரண்டு, தயாரித்த வாரம்; கடைசி இரண்டு, வருஷம். நாலு டயருக்கும் பத்து வயது. பழைய சொந்தக்காரர் காரை ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருக்கிறார். பட்டன் பிழைத்துக்கொண்டது, ரப்பர் செத்துவிட்டது.

"அண்ணே, இந்த நம்பரப் பாருங்க, கடைசி ரெண்டும் வருஷம். இதுக்குப் பத்து வயசு."

"எனக்கு அம்பத்தாறு. நான் ஓடல?"

"நீங்க ஓடுங்க. இது ஹைவேல வெடிக்கும்."

"நாலு டயரு விக்கறதுக்கு இன்னாமா பேசறான் பாரு கஸ்தூரி!"

வாதாடிப் பயனில்லை. ஒரு டயரைக் கழற்றி, ரிம்மிலிருந்து பிரித்து, பக்கவாட்டை அழுத்தி வளைத்தேன். வெடிப்புகள் வாய் திறந்தன. உட்புறம் ஓரிடத்தில் ரப்பருக்குள் ஓடும் நூல் விட்டுப்போயிருந்தது. வலை பார்க்கிற ஆளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தேசப்பன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதுலயா பொண்ண இட்டார இருந்தோம்?" என்றார் கஸ்தூரி.

கொஞ்ச நேரத்தில் தேசப்பனுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "மாத்தறதே மாத்தற, ஜீப்பு மாரி அகலமா போடு. எங்க ஊரு மணல்ல பொதையக் கூடாது."

சொன்னால் கேட்க மாட்டார் என்று முன்சக்கரத்தில் அகலமான டயர் ஒன்றை மாட்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னேன். கர்ரென்று உள்ளே உரசியது.

"அண்ணே, நண்டு வலையில சின்ன இறா புடிப்பீங்களா?"

"எப்படிப் புடிக்கறது? கண்ணு பெருசாச்சே."

"காருக்கும் அளவு கீது."

டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்த அளவு இருக்கும். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு நம்பரும் காருக்குரியதைவிடக் குறையக் கூடாது. மணலில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தார் ரோட்டில் ஏறுமுன் திரும்பப் பிடித்துவிட்டால் போதும். இதையெல்லாம் வாத்தியார் மாதிரி விளக்கிவிட்டு, சரியான சைஸில் நாலு டயரை இறக்கி வைத்தேன்.

கஸ்தூரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்த எண்ணைத்தான் தேடினார்.

"தம்பி, மூணு இந்த வருசத்துது. இது மட்டும் நாலு வருசம் முந்தினது. இன்னா, என் வூட்டுக்காரரு வச்சிருந்தா பழசு, நீ வச்சிருந்தா சரக்கா?"

தேசப்பன் சிரித்த சிரிப்பில் எதிர் டீக்கடை பெஞ்சு முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. அந்த டயரின் எண்ணை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அதை யார் நம்புவார்கள்? பைக்கை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போய், மற்ற மூன்றைப் போல இந்த வருஷத்து டயர் ஒன்றைக் கொண்டுவந்தேன். பேலன்ஸிங் முடித்து வண்டியைக் கொடுக்கும்போது வெயில் இறங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்து கார் கடை முன்னால் நின்றது. செல்வி கண்ணாடியை இறக்கினாள்.

"மாமா, நெல்லூர்லேர்ந்து நைனா டயரு நம்பரு கததான் சொல்லிக்கினு வந்தாரு. செத்த நேரம் தூங்க வுடல."

தம்பிகளே, சைஸ், லோடு நம்பர், வயது மூன்றையும் பாருங்கள். மாட்டுவதற்கு முன் வாடிக்கையாளரையே படிக்கச் சொல்லுங்கள். ஊரார் டயரின் வயதை நின்ற இடத்திலிருந்தே சொல்பவன் என்று எனக்குப் பெயர். என் கடை டயரின் வயதைச் சொல்ல ஒரு கருவாட்டுக்காரம்மா வர வேண்டியிருந்தது.