படிக்கிணற்றை அடைக்க வந்தவர்

ஆத்தூரில் பழனிமுத்து காலமாகிவிட்டார் என்ற செய்தியைச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு வந்த வெல்ல வியாபாரி சொல்லிப் போனார். மறுநாளே எங்கள் தெருவில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அவரை இங்கிருந்து விரட்டியவர்களே முன்வரிசையில் அமர்ந்து கண்ணைத் துடைத்தார்களாம். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். துடைத்தவர்களும் படிக்கட்டும்.

மழை தொடர்ந்து பொய்த்த காலம் நினைவிருக்கும். சேலத்தில் இறைகிணறுகள் வற்றிப்போய், எங்கள் படிக்கிணற்றில்தான் முழங்காலளவு நீர் நின்றது. ஊரே அதில் இறங்கியது. நரம்புச் சிலந்தி கண்டவர்களும் இறங்கினார்கள். காலில் கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போலப் புழு வெளிவரும் நோய் அது. சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த பழனிமுத்து கரையில் நின்று எங்கள் கால்களையே பார்ப்பார். "கால் கழுவுன தண்ணியத்தான் மோந்து குடிக்கறீங்க. அதுலதானுங்க புழு பரவுது" என்பார். ஒருநாள் கொத்தனாரோடு வந்து படிகளை அடைத்துச் சுவர் எழுப்பத் தொடங்கினார். மேலிருந்தே நீர் இறைக்க இராட்டினம் வைப்பதாகச் சொன்னார்.

"எங்க பாட்டன் வெட்டுன கெணறு. நேத்து வந்தவன் அடைப்பானா?" என்றார் தெருவின் பெரிய தறிக்காரர். இன்ஸ்பெக்டரை மாற்றக் கோரி மனு எழுத வேண்டும். இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். புழு பரவும் விதத்தைப் பள்ளியில் பாடம் நடத்தியவனும் நான்தான். எழுதிக் கொடுத்தேன். அவரை ஆத்தூருக்கு மாற்றினார்கள். நாங்கள் சுவரை இடித்துவிட்டுப் பழையபடி இறங்கினோம்.

அடுத்த கோடையில் என் மனைவியின் கணுக்காலில் கொப்புளம் எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காலில் வந்த புழுவை வெடுக்கென்று இழுத்து, அது உள்ளே அறுந்து, கால் முடமாகியிருந்தார். பயத்தில் பழனிமுத்துவுக்கே கடிதம் போட்டேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சத்திரத்தில் தங்கினார். தினமும் காலையில் நீர் ஊற்றி, புழுவின் நுனியைக் குச்சியில் அரை விரல் நீளம் சுற்றிக் கட்டுவார். "கொஞ்சம் பொறுத்துக்க அம்மிணி. அவசரப்பட்டா அறுந்து போயிரும்."

மூன்றாம் நாள் தலை நிமிராமலே சொன்னார்: "ஆபீசுல மனுவைக் காட்டுனாங்க வாத்தியாரே. ஒரு தப்பு இல்லீங்க. என்னமா இங்கிலீசு."

"எந்த மனுவுங்க?" என்றாள் என் மனைவி.

"உங்க ஊட்டுக்காரரையே கேளு அம்மிணி."

பதினெட்டாம் நாள் புழு முழுதாக வந்தது. பிறகு கிணற்றுப் படிகளை அடைக்கக் கோரி நான் இன்னொரு மனு எழுதி வீடு வீடாக ஏறினேன். கையெழுத்துப் போட மறுத்தவர்களோடு இன்றுவரை எனக்குப் பேச்சில்லை. படி அடைத்த கிணற்றில் அவர்களும்தான் நீர் இறைக்கிறார்கள்.

என் மனைவி நொண்டாமல் நடக்கிறாள். எனக்கு அவர் விட்டுப்போனது வேறு. அந்தப் பதினெட்டு நாளும் மன்னிப்புக் கேட்க நான் வாய் திறந்தபோதெல்லாம், "குச்சிய ஆட்டாமப் புடிங்க வாத்தியாரே" என்றார். பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் போன அந்த மன்னிப்பு என்னிடமே இருக்கிறது.