டெஸ்டர் அக்காவும் தலையணை அலாரமும்

கொண்டையில் ஹேர்பின் இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். கரண்ட் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டுதான் அவள் வேலைக்கும் போவாள், விசேஷ வீட்டுக்கும் போவாள். தெருவே அவளை டெஸ்டர் அக்கா என்றது.

செல்போன் கடையில் பில் போடத்தான் முதலில் சேர்ந்தாள். ஒருநாள் ரிப்பேர்காரர் முதலாளியோடு சண்டை போட்டு, பிரித்த போன்களைப் பிரித்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஜனம் வாசலில் நின்று கத்த, இவள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கொடுத்தாள். பாதிக்குமேல் உயிர் பெற்றன. ஒன்று முன்பைவிட நன்றாகவே பாடியது. மறுநாளிலிருந்து பில் போட வேறு ஆள்.

அவள் கைக்கு வசப்படாத ஒரே பொருள் புருஷனின் தூக்கம்.

பஸ் டிப்போவில் பல வருஷம் வண்டி கழுவி, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, இப்போதுதான் அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். புது டிரைவருக்கு விடிகாலை முதல் வண்டிதான் கொடுப்பார்கள். அலாரம் அடித்தால் அவர் கை தானாக நீண்டு அணைக்கும், கண் திறக்காது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து சுவரைத் தட்டுவார். இவர் அசைய மாட்டார். உலுக்கினால், "எழுந்துட்டேன்மா" என்று தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார்.

இரண்டு தடவை வண்டி தாமதமாகக் கிளம்பியது. இன்னொரு தடவை என்றால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி தண்ணீர் பைப்பைப் பிடிக்க வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் புருஷன் அதை வீட்டில் சொன்னார். ஆனால் இஸ்திரி போட்ட யூனிபாரம் சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை இவள் பார்த்தாள்.

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணி, ஊர்ல செத்த போனையெல்லாம் எழுப்பிடறீங்க. எங்க அண்ணனை எழுப்ப முடியலையே?"

"உங்க அண்ணனுக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னு காட்டிக் குடுக்காமலே என் தலையில கட்டிட்டீங்களே!"

ஆனால் ஸ்விட்ச் இருந்தது. புரண்டு படுக்கிற நேரத்தில் கூப்பிட்டால் மனுஷன் சட்டென்று கண் விழித்துவிடுவார் என்பதை அவள் கவனித்திருந்தாள். அப்படியானால், எப்போது புரள்கிறார் என்று தெரிந்தால் போதும்.

திறந்தால் பாடும் பழைய வாழ்த்து அட்டை ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டை எடுத்தாள். அதை அழுத்தினாலும் அசைத்தாலும் துளி மின்சாரம் பிறக்கும். மெத்தைக்கு அடியில் அதை வைத்து, வயரை ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருந்த சர்க்யூட்டில் பற்றவைத்தாள். படுத்திருப்பவர் அசைந்தால் உடைந்த போன் திரையில் கோடு எழும்பும். எழுந்திருக்க வேண்டிய நேரம் நெருங்கும்போது கோடு எழும்பினால், தலையணைக்குள் தைத்து வைத்த பழைய போனின் வைப்ரேட்டர் நடுங்கும். பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி.

விடுமுறை நாளில் ஒத்திகை. காலையில் திரையைப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. ராத்திரி முழுக்க ஒரே சீராக மலை மலையாகக் கோடு.

"என்னங்க, கட்டை மாதிரி கிடந்தீங்க. இதைப் பார்த்தா விடிய விடிய ஓடியிருக்கீங்க!"

"கனவுல வண்டி ஓட்டினேனோ என்னமோ" என்றார் அவர்.

எட்டிப் பார்த்த நாத்தனார், கட்டில் தலைமாட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த டேபிள் ஃபேனைக் கவனித்தாள். அது இடமும் வலமும் திரும்பத் திரும்பக் கட்டிலும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணி! ராத்திரி பூரா ஃபேன் எப்படித் தூங்கிச்சுன்னு பார்த்திருக்கீங்க!"

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபேன் ஸ்டூலுக்கு இறங்கியது.

மறுநாள்தான் நிஜப் பரீட்சை. எந்திரம் காலை வாரிவிடுமோ என்று இவள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். எப்போது கண் அசந்தாள் என்று தெரியாது. விழித்தபோது ஜன்னலில் வெயில். பக்கத்தில் ஆள் இல்லை, ஆணியில் சட்டை இல்லை. போய்விட்டார், சரி. நேரத்துக்குப் போனாரா? வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்பது விதி.

முதல் வண்டி திரும்பி வரும் நேரம். ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் அவர் செருப்புமாக பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். வண்டி வளைவில் திரும்பியது. முன்கண்ணாடியில் வெயில் பட்டு ஒரே கூச்சம். சீட்டில் இருப்பது யார் என்று தெரியவில்லை.

ஹாரன் அடித்தது. தெரு முனையில் அவளைப் பார்த்தால் சைக்கிள் மணியில் அவர் போடும் அதே தாளம்.

கதவு திறந்தது. "தலையணைக்குள்ள எலி புகுந்துடுச்சுன்னு துள்ளி எழுந்தேன்மா! மேலாளருக்கு முன்னாடி நான் டிப்போவில!" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக.

"என்னை எழுப்பியிருக்கலாமில்ல?"

"எழுப்பினேனே. 'எழுந்துட்டேங்க'ன்னு தெளிவாச் சொன்னே."

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரித்துக்கொண்டே அடிக்கிற மாதிரி கையை ஓங்கினாள். வண்டி கிளம்பியது. கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். டெஸ்டர் இருந்தது. கடைக்கு நேரமாகியிருந்தது.