பெடலில் இல்லாத கோளாறு

என் கணவரின் இடது கால் பெடலிலிருந்து வழுக்க ஆரம்பித்தபோது, அவர் பெடலை மாற்றினார்.

சில நாளில் மறுபடி வழுக்கியது. சீட்டைக் கொஞ்சம் இறக்கினார். அதற்கும் சரியாகவில்லை என்றதும் ஷூவின் அடிப்பாகத்தின் மேல் பழியைப் போட்டார். புது ஷூ வந்தது. அதுவும் வழுக்கியது. "இப்ப வர்ற ரப்பரே மட்டம்" என்றார். சைக்கிள் பைத்தியம் இல்லாத வீட்டில் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு சாதாரணப் பேச்சு என்று தெரியும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் முருகேசன். கைலாசபுரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் போர்மேன். எது ஓடாமல் நின்றாலும் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. நான் திருவானைக்காவலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு ஸ்ரீரங்கத்தில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். ஐம்பது வயதில் அவருக்குச் சர்க்கரை எட்டிப்பார்த்தது. நடங்கள் என்றார் டாக்டர். இவர் சைக்கிள் வாங்கினார். அதோடு ஒரு குழுவிலும் சேர்ந்தார்.

ஞாயிறு காலையில் அந்தக் குழு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போகும். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது விழுந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் காபி அவர் கணக்கு. விழுந்தவர் எழுந்ததும் முதலில் வண்டியைப் பார்ப்பார். செயின் கழன்றதா, சக்கரம் நெளிந்ததா, கியர் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தன் முழங்கையைப் பார்ப்பார். காபி குடித்து முடித்தால் விழுந்த கதையும் முடிந்தது. அதற்குப் பிறகு அதைக் கேலியாகப் பேசலாம், கவலையாகப் பேசக் கூடாது. ஒருவர் காறை எலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது) உடைந்த எக்ஸ்ரேயைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எல்லாரும் கைதட்டியிருந்தார்கள்.

என் கணவர் விழுந்தது மண்ணச்சநல்லூரைத் தாண்டி. அறுவடை சமயம், சாலையில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்ததால் நெல்லின் மேல் ஏறினார், பிரேக் பிடித்தார், அவ்வளவுதான். ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தது. காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தலை சுத்துதா? டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாங்க" என்றேன்.

"ஹெல்மெட் அதோட வேலையச் செஞ்சிருக்கு. இதுக்குப் போயி டாக்டரா?" என்று சிரித்தார். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினார். நானும் விட்டுவிட்டேன்.

பெடல் கதை அதற்குப் பல வாரங்கள் கழித்துத் தொடங்கியது. இடையில் காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்பார். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று இருவருமே முடிவு செய்துகொண்டோம். விழுந்ததையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை அவர் கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்தார். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. அவர் வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுகிறவர். "இன்னொரு செருப்பு எங்கங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்பு கூடத்தின் நடுவில் கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பழி போட அங்கே பெடலும் இல்லை, ஷூவும் இல்லை.

அடுத்த நிமிடம் ஆட்டோ பிடித்தோம். காவிரிப் பாலத்தில் நெரிசல். நான் அவர் இடது கையைப் பிடித்திருந்தேன். அழுத்திப் பிடிங்க என்றேன். பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். என் விரல்களில் எந்த அழுத்தமும் தெரியவில்லை. அப்போது வந்த பயத்துக்கு எனக்கு இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் ஒரு பெண், என்னைவிட இளையவர். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களா சார்?"

"இல்லைங்க டாக்டர்" என்றார் என் கணவர்.

பொய் சொல்லவில்லை. காபி வாங்கிக் கொடுத்ததோடு அவர் மனதில் அந்தக் கணக்கு தீர்ந்துபோயிருந்தது. நான்தான் நெல்லையும் ஹெல்மெட்டையும் சொன்னேன். டாக்டர் ஸ்கேன் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். இது சப்டூரல் ஹெமடோமா (மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் ரத்தம் கட்டுவது) என்றார். அன்றைக்கே கொட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இது வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையை அழுத்துகிறது. வலது பக்கம் அழுத்தினால் இடது கால் தளரும். பர் ஹோல் (மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடிப்பது) உடனே செய்ய வேண்டும்.

"பொழைச்சுக்குவாரா டாக்டர்?" என்று கேட்டேன். என் கணவர் முன்னாலேயே கேட்டேன்.

"பெரும்பாலும் நல்லாயிடுவாங்கம்மா. ஆனா மூளைங்கறதால உறுதியா எதையும் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். கணக்கு டீச்சருக்கு அந்தச் சொல்லின் மறுபக்கமும் தெரியும்.

அவருக்குத் தலையை மழித்து ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். விஷயம் தெரிந்து குழுவினர் வந்துவிட்டார்கள். வராந்தாவில் நின்று அவரவர் விழுந்த கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். எனக்கு எல்லாரையும் வெளியே துரத்த வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"ஒரு வார்த்தை அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீங்களா? காபி மட்டும் குடிச்சீங்க" என்று கேட்டே விட்டேன்.

ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். பாஸ்கர் மட்டும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உறையூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான்.

"தப்புதான் அக்கா. யாருக்கும் தோணல" என்றார். "கொள்ளிடம் பாலத்துல பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா, ஒவ்வொரு தடவையும் எனக்கு முதுகு ஜில்லுன்னு ஆயிடும். வீட்ல கூட சொன்னதில்ல."

"அப்புறம் எதுக்கு இந்தக் கேலி எல்லாம்?"

"சிரிக்கலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை கெளம்ப முடியாதுக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனைக்கிறேன். யாரும் யாரையும் கேட்டதில்ல."

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவர் எழுந்து போய்விடக் கூடாது என்று இருந்தது. கதவு திறக்கும் வரை அவரும் உட்கார்ந்தே இருந்தார்.

என் கணவர் கண் விழித்தபோது தலையிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. கருத்த எண்ணெய் மாதிரி ரத்தம் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் இடது கால் விரல்களை ஆட்டச் சொன்னார். ஆட்டினார். நான் அங்கேயே விசும்பி அழுதேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இதே வழியில் போகப்போகிறவர்களுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதோடு முடியாது. சிலருக்கு மறுபடியும் ரத்தம் சேரலாம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒரு கை தானாக இறங்கினால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். தினமும் காலையில் அவரை அப்படி நிற்க வைத்தேன். அவர் கண்ணை மூடி நிற்பார், நான் மூச்சு விடாமல் அந்த இடது கையையே பார்ப்பேன். மற்ற நேரத்தில் அவர் நடக்கும் சத்தத்தைக் கேட்பேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி காலை இழுத்து நடந்தால்கூட எனக்குப் பாடம் விட்டுப்போகும். "என்னை ஆளா பாரு வசந்தா, ஸ்கேன் மிஷின் மாதிரி பாக்காத" என்று ஒருநாள் சொன்னார்.

கடைசி ஸ்கேன் சுத்தமாக இருந்தது. கொஞ்ச மாதங்கள் போனதும் டாக்டர் சைக்கிளுக்கும் சரி என்றுவிட்டார். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் என் கணவர் கிளம்பவில்லை. வெயில் அதிகம் என்றார். டயரில் காற்று இல்லை என்றார். குழுவில் யாரும் சரியில்லை என்றார். நான் உள்ளுக்குள் ரங்கநாதருக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பார்த்தேன். ஹெல்மெட் போட்டிருந்தார். சைக்கிளின் மேல் கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னங்க ஆச்சு? கால் மரத்துப் போச்சா?"

"கால் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஏற முடியல. கொஞ்ச நாளாவே டெய்லி வந்து நிக்கிறேன். ஹேண்டில்ல கைய வச்சுட்டு அப்படியே திரும்பிடறேன்."

இவருக்குக் கொஞ்சமாவது பயம் வர வேண்டும் என்று எத்தனை வருடம் வேண்டியிருக்கிறேன். வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. இத்தனை காலமும் எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது, பயப்படாமல் இருக்கிற வேலை அவருடையது. அவர் தன் வேலையைக் கீழே வைத்துவிட்டு நின்றபோது, நான் நிம்மதியாகப் பயந்துகொண்டிருந்ததே அவரை நம்பித்தான் என்று தெரிந்தது.

"ஏறுங்க. நான் சீட்டைப் புடிச்சுக்கறேன்."

"நீயா? நீதான வேணாம் வேணாம்ப."

"இப்பவும் வேணாம்னுதான் இருக்கு. ஏறுங்க."

கைப்பையைத் தரையில் வைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி என் பக்கம் சாய்ந்தது. அந்த மொத்தக் கனமும் என் கையில் இறங்கியது. "விட்டுடாத" என்றார். மதில் சுவரை ஒட்டி அவர் மெதுவாக மிதிக்க, நான் பக்கத்திலேயே ஓடினேன். மாடியிலிருந்து யார் பார்த்தார்கள் என்று தெரியாது. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"பயமா இருந்துச்சா?" என்று காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"இருந்துச்சு. உங்களுக்கு?"

"ரொம்ப" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

குணமாகிவிட்டாரா என்று கேட்கிறவர்களுக்கு ஆமாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அடுத்த வருடம் இதைச் செய்யலாம், அங்கே போகலாம் என்று நாங்கள் பேசுவது குறைந்துவிட்டது. சாயங்காலம் என்ன குழம்பு என்று பேசுகிறோம், அதுவரைக்கும் அந்த நாள் ஒழுங்காகப் போனால் போதும் என்று இருக்கிறது. இப்போது அவர் தனியாகவே ஓட்டுகிறார், கோயில் தெற்கு வாசல் வரைக்கும், சில நாள் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும். நான் தடுப்பதில்லை. வாசலில் நின்று அவர் தெருமுனை திரும்பும் வரை பார்க்கிறேன். திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கப் போனால் என் வலது கை விரிவதில்லை. விரல்கள் அந்தச் சீட்டைப் பிடித்த மாதிரியே மடங்கியிருக்கின்றன.