ஓட்டை போடச் சொன்ன படகுக்காரர்

லாரிக்குப் பாடி கட்டுகிறவன் வாயில் "முடியாதுங்க" என்ற வார்த்தை மட்டும் வரவே வராது; அப்படித்தான் சங்ககிரிப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு நான் படகில் ஓட்டை போட்டேன். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் தலையில் கை வைக்கும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது.

நல்ல படகு, நடுவில் ஓட்டை

மேட்டூரில் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சதாசிவம் சார், குட்டிப் பாய்மரப் படகு ஒன்றை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். அணைத் தண்ணீரில் அதை ஓட்டுவதென்றால் அவருக்கு உசுரு. ஒரு தடவை மனைவி சரோஜாம்மாவையும் ஏற்றிப் போயிருக்கிறார். நட்டநடுவில் காற்று நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் வெயிலில் வெந்தபின், ஒரு பரிசல்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தாராம். அன்றோடு அந்தம்மா படகுப் பக்கமே வரவில்லை. இஞ்சின் மாட்டினால் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சாருக்கு அந்த ஒரு தடவைதான் எல்லாம்.

பின்பக்கம் சுக்கான் இருப்பதால் இஞ்சினுக்கு அங்கே இடமில்லை. படகின் தரையை வெட்டி, சுற்றிக் கிணறு மாதிரி நாலு சுவர் எழுப்பி, அதற்குள் இஞ்சினை இறக்கணும். வெளியே தண்ணீர் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் கிணற்றிலும் ஏறும் என்றார் சார். நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். எங்கள் தச்சர் பழனியண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, முழுகறதுக்கு எதுக்குங்க இஞ்சினு?"

பழக்க தோஷம்

கிணறு பிரமாதமாக அமைந்தது. ஒரு சொட்டு ஒழுகாது! மார்தட்டிக்கொண்டு சாரை வரச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை. படகுத் தரையின் நாலு மூலையிலும் நாலு துளைகள், அளவெடுத்துப் போட்டது போல வரிசையாக. எத்தனையோ வருஷமாக லாரித் தரையில் போடும் வடிகால் துளைகள். பழனியண்ணன் கை சும்மா இருக்குமா? மர முளை அடித்து, பிசின் ஊற்றி அடைக்க ஒருநாள் ஆனது. அண்ணனுக்கோ கடைசிவரை மனசே ஆறவில்லை: "அப்ப மழை பேஞ்சா உள்ள உழுகற தண்ணி எங்கீங்க போகும்?"

மூடிபோட்ட இஞ்சின்

அழகாக இருக்கட்டுமென்று கிணற்றுக்கு மேலே மூடி ஒன்று போட்டேன், லாரி டூல்ஸ் பெட்டி மாதிரி கச்சிதமாக. அணைக் கரையில் வெள்ளோட்டம். இஞ்சின் கிளம்பும், முப்பது எண்ணுவதற்குள் இருமி நின்றுவிடும். பெட்ரோலை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், என் சட்டையை மட்டும்தான் மாற்றவில்லை. சார் முகம் சுண்டிப்போயிற்று. எங்களுக்குச் சோறு கொண்டுவந்த சரோஜாம்மா, கரையில் நின்றபடியே புகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுப்பு பத்தவெச்சா நாம ஜன்னலத் தொறக்கறமில்ல? மூடியத் தொறந்துதான் பாருங்களேன் சாமி."

திறந்தோம். தன் புகையைத் தானே குடித்துக்கொண்டிருந்த இஞ்சின் சிங்கமாய் உறுமியது!

ஞாயிற்றுக்கிழமை

சரோஜாம்மா வந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் பாதிவரை ஏறி, சமர்த்தாக நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேவிட்டார். படகு சும்மா பறந்தது. நானும் பழனியண்ணனும் கரையில் குதித்த குதியைப் பார்த்து மீன்காரர்கள் சிரித்தார்கள்.

நட்டநடுவில் சத்தம் நின்றது. போச்சுடா! ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், படகு அசையவே இல்லை. பரிசல் ஒன்றில் தொற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். சார் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். சரோஜாம்மா என்னைப் பார்த்துக் கையசைத்தார்: "ரிப்பேரெல்லாம் இல்லீங்க சாமி, நாந்தான் நிறுத்தச் சொன்னேன், அந்தச் சத்தத்துல இவரு பேசறது ஒண்ணுமே கேக்கலீங்க."

ஆக, வெட்டி, அடைத்து, மூடி, திறந்து நாங்கள் பாடுபட்டு மாட்டியது, நிறுத்தி வைப்பதற்கென்றே பிறந்த ஓர் அருமையான இஞ்சின்.