ஏறி இறங்கின முள்ளு

எனக்கு இந்த ஆவி, பேய்க் கதையளிலை நம்பிக்கை இல்லை, இப்பவும் இல்லை எண்டுதான் சொல்லுவன், ஆனால் இந்தக் குளிர்நாட்டிலை ரொம்சோஸ் எண்ட இடத்திலை நடந்ததைக் கேட்டிட்டு அது என்னெண்டு நீங்களே சொல்லுங்கோ. காஸ் வேலை செய்யிறவன் இதுகளை நம்பத் தொடங்கினால் பிழைக்கேலாது. மணந்தால் ஒழுக்கு, எரியாட்டில் அடைப்பு, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். காருக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போற காரவன் வீடுகளிலை இருக்கிற ஹீட்டர், அடுப்பு, ஃபிரிட்ஜ் திருத்திறதுதான் பன்னிரண்டு வருசமா என்ரை வேலை.

போன வருசம் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை ஹோஸ்ட்ஃபெரி, இலையுதிர்கால லீவு, தொடங்க முதல்நாள், வசந்தி கோல் எடுத்தவ. வயோதிபர் இல்லத்திலை தாதியா இருக்கிறவ, புருசன் ரக்சி ஓடுறவர், ரெண்டு சின்னப் பிள்ளையள். பாவிச்ச காரவன் ஒண்டு வாங்கியிருக்கினம்.

"அண்ணை, ஹீட்டர் பத்துது, அஞ்சு நிமிசத்திலை நூந்து போகுது. நாளைக்கு விடியப் பிள்ளையளோடை மலைப்பக்கம் வெளிக்கிடுறம். இண்டைக்கே வந்து பாப்பியளோ?"

மத்தியானம் போனன். அவை இருக்கிற மாடிவீட்டு புளொக்குக்குப் பின்னாலை, காட்டோரம் காரவன் நிண்டது. வசந்தி வெளியிலை கதிரையளைத் துடைச்சுக்கொண்டு நிண்டா, நான் உள்ளை போய் ஹீட்டரின்ரை மூடியைக் கழட்டினன். பெரிய பிழை ஒண்டுமில்லை, நெருப்பு எரியுதோ எண்டு அறிஞ்சு காஸைத் திறந்து வைச்சிருக்கிற ஒரு சின்னக் கம்பி பழுது, அதை மாத்தினன், நல்ல நீலமாப் பத்திச்சுது. அதோடை நான் வெளிக்கிட்டிருக்கலாம். ஆனால் ஒழுக்குப் பாக்காமல் நான் ஒரு இடத்தாலையும் வாறேல்லை.

அதுக்கு ஹீட்டரை நூத்து, சிலிண்டரைக் கழட்டி வெளியிலை வைச்சு, எல்லா வால்வையும் பூட்டிப்போட்டு, வெறும் குழாய்க்குள்ளை கைப்பம்பாலை காத்தடிச்சு, அமுக்கம் காட்டிற ஒரு மீற்றர் பூட்டிறது. முள்ளு அசையாமல் நிண்டால் சரி, விழுந்தால் எங்கையோ ஒழுகுது.

முள்ளு விழுந்தது. சரி, ஒழுக்குத்தான் எண்டு சவர்க்காரத் தண்ணியை எடுக்கத் திரும்பினன், பாத்தால் முள்ளு திரும்பி ஏறுது. நம்பினால் நம்புங்கோ, போன காத்து தன்ரை பாட்டிலை திரும்பி வராது, பம்பு என்ரை காலடியிலை கிடக்குது. ஏறிச்சு, இறங்கிச்சு, பிறகும் ஏறிச்சு, ஆறுதலா, நித்திரை கொள்ளுற ஆளின்ரை நெஞ்சு மாதிரி. நான் குந்தியிருந்து அதையே பாத்துக்கொண்டிருந்தன், எவ்வளவு நேரமெண்டு தெரியாது, என்ரை மூச்சும் அதோடை சேந்து போகுது எண்டது பிந்தித்தான் விளங்கினது.

பிறகு இடைவெளி வரத் தொடங்கிச்சு. இறங்கின முள்ளு அப்பிடியே நிக்கும், நிண்டு நிண்டு சட்டெண்டு ஒருக்கா ஏறும். திரும்ப நிக்கும். ஒவ்வொருக்காலும் இடைவெளி கூடுது, எனக்கு நெஞ்சு இறுகுது. கடைசியிலை பூச்சியத்திலை போய் நிண்டது. ஏறேல்லை. எனக்கு வாய் திறக்குது, காத்து உள்ளை வருகுதில்லை. கதவு ரெண்டடி தூரந்தான், தவண்டு போய்ப் புல்லிலை விழுந்தன்.

வசந்தி ஓடிவந்து என்னை நிமித்தி இருத்தினா. மூச்சு வந்தாப்பிறகு முள்ளைப் பற்றிச் சொன்னன்.

"இடையிலை நிண்டு நிண்டோ ஏறினது?" எண்டா.

"ஓம்."

"வரவர இடைவெளி நீண்டதோ?"

"ஓம்."

அவ என்ரை கையை விட்டிட்டுக் காரவனைப் பாத்தா. "சாகக் கிடக்கிற ஆக்கள் அப்பிடித்தான் அண்ணை மூச்சு விடுவினம்," எண்டு மட்டும் சொன்னா.

காஸ் தலைக்கு அடிச்சிருக்கும் எண்டு நீங்கள் சொல்லுவியள். அவவும் அப்பிடி நினைச்சு, புருசனைக் கூப்பிட்டு என்னை அவசர சிகிச்சைக்கு அனுப்பினவ. இரத்தத்திலை ஒண்டும் இல்லை எண்டிட்டினம்.

அண்டைக்குப் பின்னேரமே புருசனோடை திரும்பிப் போய்க் குழாயை இன்னொருக்காச் சோதிச்சன். அரை மணித்தியாலம், முள்ளு ஒரு மயிரிழையும் அசையேல்லை. ஒழுக்கே இல்லை. எனக்கு மனம் கேக்கேல்லை, ஹீட்டரை முழுசாக் கழட்டி இழுத்தன். புகையை வெளியிலை கொண்டுபோற குழாய், பின்பக்கக் கட்டிலுக்குப் பின்னாலை ரெண்டா முறிஞ்சு கிடந்தது. முறிவிலை துணி சுத்தி, அதுக்கு மேலை புதுப் பலகை அடிச்சு, பெயின்ற்றும் பூசியிருந்தினம். கதவு யன்னல் பூட்டி ஒரு இரவு அதுக்குள்ளை படுத்திருந்தால் அந்த நச்சுப் புகை மணக்கவும் மாட்டுது, எழும்பவும் விட்டிராது. வித்த ஆளுக்குக் கோல் எடுத்தம், நம்பர் பாவனையிலை இல்லை. காரவனை உடைக்கக் குடுத்திட்டினம்.

மாசிமாதம் போலை ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியிலை வசந்தியைக் கண்டன். கோப்பி குடிக்கேக்கை, அண்டைக்கு நான் இருந்த நிலையைப் பாத்துத் தான் சொல்லாமல் விட்டதா ஒரு கதை சொன்னா. நான் முன்னுக்கு மீற்றரைப் பாத்துக்கொண்டிருந்த நேரம், பின்பக்கக் கட்டில் யன்னல் கண்ணாடியிலை, தலகணி உயரத்திலை, உள்ளை படுத்திருக்கிற ஆக்களின்ரை மூச்சுப் பட்டமாதிரி ரெண்டு வட்டமா ஆவி பிடிச்சிருந்ததாம். ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். வெளியாலை துணியாலை துடைச்சுப் பாத்திருக்கிறா, போகேல்லை, அது உள்பக்கம். மங்கிறதும் திரும்பப் பிடிக்கிறதுமா இருந்ததாம்.

"சின்னன்தான் அண்ணை முதல் நிண்டது," எண்டா.