இரண்டாம் முறை பார்த்த பனி

பனியைப் பார்த்ததும் என் மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றானே, அந்த வியப்பு உண்மையா, எனக்காகச் செய்து காட்டியதா? அவனுக்கு ஐந்து வயது. யூகேஜி படிக்கிறான். அந்த வயதுப் பிள்ளையால் வியப்பை நடிக்க முடியுமா என்றுதான் முதலில் என்னையே கேட்டுக்கொண்டேன். முடியும் என்று பிறகு தெரிந்துவிட்டது. அன்று நடித்தானா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் வேலூர்ப் பக்கம். கல்யாணமான பிறகு பெங்களூருக்கு வந்தோம். கணவருக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். சில நாள் வீட்டிலிருந்தே வேலை, சில நாள் போய்த்தான் ஆக வேண்டும். குடியிருப்பு ஓசூர் சாலையை ஒட்டி. எதிர் வீட்டில் இருப்பவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். அவர் பிறந்து வளர்ந்தது மல்லேஸ்வரத்தில். தமிழில் பேசிக்கொண்டே கன்னடத்துக்குப் போய்த் திரும்புவார், போனதே தெரியாது. அவர் கணவர் அதிகம் பேசாதவர், எங்கே போனாலும் கார் ஓட்டுவது அவர்தான். அவர்கள் மகள் இரண்டாம் வகுப்பு. இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த வீடுதான்.

என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. அவனுக்குச் சரியாகப் பேச்சு வராத நாளில் நானும் அவனும் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். “கை காட்டு” என்பேன். கையை விரித்துக் காட்டினால் நெஞ்சு லேசாக இருக்கிறது. பாதி மடக்கினால் கொஞ்சம் இறுக்கம். முஷ்டி பிடித்தால் உடனே மூச்சு மருந்து பம்ப் வேண்டும். எங்கள் டாக்டர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த முறையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்னால் அவரும் “எங்க, கை காட்டு” என்று கேட்க ஆரம்பித்தார். நான் எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி மறுபடி ஏறிவந்து இழுத்துப் பார்ப்பேன். ஆனால் அந்தக் கையை மட்டும் இரண்டாம் முறை கேட்டதில்லை. ஒரு தடவை விரித்துக் காட்டினால் போதும், என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

டிசம்பர் விடுமுறை வந்தால் இரண்டு வீடும் சேர்ந்துதான் சுற்றுவோம். இந்த முறையும் அப்படித்தான் தொடங்கியது. பன்னேர்கட்டாவில் கம்பிவலை போட்ட பஸ்ஸில் ஏறிக் கரடி பார்த்தோம். பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி, நடுவில் ஒருமுறை மாறி, மல்லேஸ்வரம் போய் அக்காவின் அம்மா வீட்டில் சாப்பிட்டோம். எல்லா இடத்துக்கும் என் பை வரும். பம்ப், அதற்கான மாஸ்க், காய்ச்சல் மருந்து, மாற்று உடை, குரங்குக் குல்லா, வெந்நீர் பிளாஸ்க், எலுமிச்சை சாதம். நான் பையோடு லிஃப்டில் இறங்கினால் அக்கா தன் மகளிடம், “மெடிக்கல் ஷாப் வந்துடுச்சு, வண்டிய எடுக்கச் சொல்லு” என்பார். நானும் சிரிப்பேன். போன இடத்தில் யாருக்காவது முழங்கால் சிராய்த்தால் முதலில் என் பையைத்தான் தேடுவார்கள்.

ஒருநாள் அக்காவின் சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது பனிப் பேச்சு வந்தது. ஊருக்குள் ஒரு மாலில் செயற்கையாகப் பனி கொட்டி வைத்திருக்கிறார்கள், கோட்டும் பூட்ஸும் அவர்களே கொடுப்பார்கள், சறுக்கு மரம்கூட இருக்கிறது என்றார்.

“வேணாங்கா,” என்றேன். “குளிர் காத்து பட்டாலே இவனுக்கு இழுக்குது. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“எவ்வளவு நேரம்மா இருக்கப் போறோம்? போனதும் வந்துடலாம்.”

“டாக்டர கேக்காம எப்படிக்கா?”

“சரி, பிடு. விடு, அடுத்த வருஷம் போனா ஆச்சு.” டம்ளரைக் கழுவ வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்ததாகத்தான் நினைத்தேன். கூடத்திலிருந்து என் மகன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதும் தெரியும். அவன் கையில் இருந்த பொம்மைக் காரைத் தரையில் வேகமாக உருட்டினான். அன்று எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் நான் அலுவலகம் போக வேண்டிய நாள் ஒன்று வந்தது. கணவர் விடுப்பு எடுத்தார். “நீ போய்ட்டு வா, நானும் எதிர் வீட்டுக்காரங்களும் புள்ளைங்கள கப்பன் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறோம், பொம்மை ரயில்ல ஏத்திட்டு வந்துடறோம்,” என்றார். குல்லாவை எடுத்துக் கொடுத்தேன். நெற்றியில் முத்தம் கொடுத்து, கை காட்டச் சொல்லி, விரித்த கையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாயங்காலம் வந்தபோது அவன் கன்னம் சிவந்திருந்தது. வெயில் என்றார் கணவர். “ரயில் எப்படிடா இருந்துச்சு?” என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சும்மா,” என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போனான். பார்க்கு மண் தலையெல்லாம் இருக்குமே என்று வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றினேன். துவட்டும்போது கை காட்டு என்றேன். விரித்துத்தான் காட்டினான்.

மறுநாள் காலையில் இழுப்பு வந்துவிட்டது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. நெபுலைசரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் மாஸ்கை விலக்கி ஏதோ சொல்ல வந்தான். “பேசாத கண்ணா, மூச்ச இழு,” என்று மறுபடி பொருத்தினேன். நான் அழுதுகொண்டிருந்தேன். சாயங்கால நேரத்தில் யாராவது தலைக்கு ஊற்றுவார்களா என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி அழுதேன். கணவர் பக்கத்தில் நின்றார். “இனிமே சாயந்திரத்துல தலைக்கு ஊத்தாத, விடு,” என்றார். அக்கா ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்தார். என் தோளில் கைபோட்டு, “எல்லா அம்மாவும் பண்றதுதான். தண்ணி ஊத்தினா சில நேரம் இப்படி ஆகும். உன்மேலேயே பழி போட்டுக்காத,” என்றார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். அந்தக் கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

சரியான பிறகு டாக்டரிடம் போனோம். அப்பாவும் பிள்ளையும் வெளியே போன பிறகு நான் மட்டும் உள்ளே நின்று கேட்டேன், பனி இருக்கிற இடத்துக்கு இவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று. பயந்து பயந்து எல்லாவற்றையும் மறுக்காதீர்கள், நன்றாக இருக்கிற நாளில் முன்னாலேயே பம்ப் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் போய் வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. நானே இரண்டு வீட்டுக்கும் டிக்கெட் எடுத்தேன். அன்று எல்லோரும் எங்கள் கூடத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

ஒரு கணம் யாரும் பேசவில்லை. அக்காவின் கணவர் தட்டைப் பார்த்தார். என் கணவர் அக்காவைப் பார்த்தார். பிறகு அக்காதான், “அய்யோ, நெஜமாவா? சூப்பர்மா,” என்றார். அந்த மௌனத்தை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். என்னிடமிருந்து இப்படி ஒன்றை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாலில் கோட்டு மாட்டுகிற இடத்தில் ஒரு நீள பெஞ்சு. என் மகன் தானே போய் அதில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினான். பம்ப் கொடுத்துவிட்டுப் பூட்ஸ் மாட்டினேன். கோட்டின் ஜிப்பை இழுக்கப் போனபோது என் கையைத் தடுத்தான்.

“மொதல்ல கிளவுஸ்மா. அப்புறந்தான் ஜிப்பு. இல்லன்னா கை உள்ள போகாது.”

புத்திசாலிப் பிள்ளை என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கனமான பிளாஸ்டிக் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். குளிர் முகத்தில் அறைந்தது. வெள்ளையாகத் தரை, நீல விளக்கு, ஒரு ஓரத்தில் பொய் பைன் மரங்கள். அவன் என் முன்னால் நின்றான். முதலில் தலையைத் திருப்பி அவன் அப்பாவைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து, கண்ணை அகலமாக விரித்து வாயைத் திறந்தான். “அம்மா, பனி. நெஜ பனியா இது?” குனிந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். நான் படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. மற்றவர்கள் பார்த்தால் அழகான படம்தான்.

சறுக்கு மரத்தின் மேலே நின்றுகொண்டு அக்காவின் மகள் அவனைக் கூப்பிட்டாள். “வாடா. இன்னிக்காச்சும் அழாம வா. அன்னிக்கு மாதிரி உங்கப்பாதான் தூக்கிட்டு வரணும்னு சொல்லாத.”

“ஏய், சும்னே இரு,” என்றார் அக்கா. குரல் சட்டென்று கன்னடத்துக்குப் போய் இன்னும் ஏதோ சொன்னது. நான் அவரைப் பார்க்கவில்லை. என் மகனைப் பார்த்தேன். அவன் படியில் பாதியில் நின்று, நான் கேட்டேனா இல்லையா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு கணக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரித்துவிட்டுக் கையசைத்தேன், போ, போ என்று. அவன் முகம் தெளிந்தது. ஆக, நானும் அங்கே நடித்தேன்.

சறுக்கி இறங்கியதும் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஓடியதாலா, குளிராலா, தெரியவில்லை. கிட்டே போய், “கை காட்டு,” என்றேன். அவன் மறுபடி அப்பாவைப் பார்த்தான். பிறகு கிளவுஸ் போட்ட கையை நன்றாக விரித்துக் காட்டினான். முதல் முறையாக அந்தக் கையை நான் நம்பவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். “நல்லாத்தாம்மா இருக்கேன்,” என்று அவன் அழுதான்.

மேல் மாடியில் சாப்பாட்டுக் கடைகள். அக்காவின் கணவர் பிள்ளைகளைச் சோளம் வாங்கக் கூட்டிப் போனார். நான் கணவரிடம் கேட்டேன்.

“அன்னிக்குக் கப்பன் பார்க் போகல, இல்லைங்க?”

“இல்ல,” என்றார். “அவன் ரொம்ப ஆசப்பட்டான். உங்கிட்ட கேட்டா நீ வேணாம்ப.”

“வேணாம்னு சொல்லியிருந்தேனே.”

“அதத்தான் சொல்றேன்.”

“அவனுக்கு இழுத்தப்ப சொல்லியிருக்கலாம். நான் தலைக்கு ஊத்தினதாலன்னு அழுதுட்டு இருந்தேன். நீங்களும் ஆமான்னீங்க.”

“பனியாலதான் வந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீயும் ஊத்தினதானே?”

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம் என்பதுதான் என்னை அதிகம் வதைக்கிறது.

அக்கா என் கையைப் பிடித்தார். “என் தப்புதான். ஆனா நீ அன்னிக்கு அழுத அழுகையில, இதையும் சொன்னா ஒடஞ்சு போயிடுவியேன்னு பயந்துட்டேன். உன் நிம்மதிக்காகத்தான்மா.”

“அவங்கிட்ட யாருக்கா சொன்னது, அம்மாகிட்ட சொல்லாதன்னு?”

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பிள்ளைகள் சோளத்தோடு வந்துவிட்டார்கள். நான் பையைத் திறந்து துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

அக்காவோடு பேச்சை நிறுத்திவிடவில்லை. கதவைத் திறந்தால் எதிரே அவர் கதவு, எப்படி நிறுத்துவது? கணவரோடும் சண்டை போட்டு, அழுது, ஓரளவு ஓய்ந்தாகிவிட்டது. இனிமேல் மறைக்க மாட்டேன் என்றார். சரி என்றேன். அவர்கள் பெரியவர்கள். அவர்கள் செய்ததை நான் கோபமாக வைத்துக்கொள்ள முடியும், கொஞ்ச நாளில் இறக்கி வைக்கவும் முடியும்.

ஆனால் மகனிடம் என்ன செய்வது? போன வாரம் அவனுக்குத் தலை சீவிக்கொண்டே, சும்மா கேட்பது போல், “அன்னிக்கு பொம்மை ரயில்ல எங்கடா உக்காந்த?” என்று கேட்டேன். உண்மையைச் சொல்ல ஒரு வாசல் திறந்து வைத்ததாக நினைப்பு. அவன் தயங்கவே இல்லை.

“மொத பெட்டியிலம்மா. ரயில் கூன்னு கத்துச்சு. ஒரு நாய் பின்னாடியே ஓடி வந்துச்சு. வெள்ள நாய்.”

அந்த வெள்ளை நாயை எங்கிருந்து கொண்டுவந்தான்? யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் வருத்தப்படக் கூடாது என்று அவனே செய்துகொண்டான். அப்பாவும் ஆன்ட்டியும் என்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்களோ, அப்படியே அவனும் பார்த்துக்கொள்கிறான். நெபுலைசர் மாஸ்கை விலக்கி அன்று அவன் சொல்ல வந்தது இதைத்தானா என்று யோசிக்கிறேன். நான்தான் வாயை மூடினேன். அப்படியும் இருக்கலாம், தண்ணீர் கேட்க வந்திருக்கவும் கூடும்.

இன்று காலையிலும் பள்ளிக்குக் கிளம்பும் முன் “கை காட்டு” என்றேன். விரித்துக் காட்டினான், சிரித்தான். வேன் போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவனுக்குள் மூச்சு எப்படி ஓடுகிறது என்பதை எனக்குச் சொல்ல அந்தக் கையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. என்னை அழ வைக்காமல் இருக்க அவன் ஒரு நாள் முஷ்டியை விரித்துக் காட்டினால், எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடட்டுமா? சொன்னால், அன்று பனியில் அவன் பட்ட மகிழ்ச்சியும் குற்றமாகிவிடுமோ, அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டதாக நினைப்பானோ என்று இருக்கிறது. சொல்லாவிட்டால், அம்மாவிடம் மறைப்பதுதான் அம்மாவிடம் அன்பாக இருப்பது என்றே வளர்ந்துவிடுவான். எந்த வார்த்தையில் தொடங்குவது, முதலில் நான் அழாமல் இருக்க என்ன செய்வது, இதையாவது தெரிந்தவர்கள் எழுதுங்கள்.