ஒன்றேகால் மணி நேரம்

கூடலூரிலிருந்து சென்னைக்குப் போகாததற்கு ஆறு வருடமாக அப்பா சொல்லும் காரணம் ஒன்றேதான். "ராத்திரி பூரா பஸ்சுல உக்காந்து போனா முதுகு போயிரும்டா." காரணம் முதுகு இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அங்கே இருக்கும் என் தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை.

அவள் மகளுக்குக் காதுகுத்து என்றதும் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் நான் இருக்கிறேன். தாத்தா இல்லாமல் என்ன காதுகுத்து? மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டு டிக்கெட் போட்டேன்.

"வான்வழியா நானூத்திச் சொச்சம் கிலோமீட்டர். ஒன்னேகால் மணி நேரந்தான். நீங்க பஸ்சுல தேனிக்குப் போற நேரம். இப்ப முதுகு என்ன சொல்லுதுப்பா?"

"மதுரைக்குப் போகவே மூணு மணி நேரமாகும்ல."

"காருக்குச் சொல்லியாச்சு. பின்சீட்டுல படுத்துக்கிட்டே வாங்க."

"எனக்குப் போட்டத வாபஸ் பண்ணிரு."

மாட்டேன் என்றேன். அம்மா முந்தின வாரமே சென்னைக்குப் போய்விட்டதால், வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தோம்.

புறப்பட வேண்டிய வெள்ளிக்கிழமை, கார் வரும் நேரம் ராகு காலத்தில் விழுந்தது. எங்கள் பக்கம் அதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நேரத்திலேயே பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. காலையிலேயே எதிர்வீட்டு அத்தையிடம் என் பையை வைத்தேன். ஆதார் அட்டையும் அதற்குள்தான்.

கார் வந்து நின்றபோது எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அத்தை திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டாராம். போனையும் எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை பாடுபட்டது ஒரு பூட்டிடம் தோற்கவா? பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். பந்தலுக்கு அடியில் நின்ற அத்தையை, கையைக்கூடக் கழுவவிடாமல் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்த அத்தை இரண்டு பைகளை எடுத்துக் கொடுத்தார்.

"எம்பை ஒன்னுதானே அத்தை?"

"நீ வச்சிட்டுப் போன பின்னாடியே ஒங்கப்பா வந்து வச்சாக. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னாக."

இரண்டையும் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு நடந்தேன். உள்ளேயிருந்து அப்பா சத்தம் போட்டார். "ஏலே, அங்கனயே நில்லு! வெளிய வச்ச பைய வீட்டுக்குள்ள திருப்பிக் கொண்டாரக் கூடாது." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார்.

பின்சீட்டில் அவர் படுக்கவில்லை. சின்னமனூர் தாண்டியதும் கேட்டார்: "கெளம்பியாச்சுன்னு அவளுக்குச் சொல்லிட்டியா?"

தங்கையின் நம்பரைப் போட்டு போனை அவரிடமே நீட்டினேன். மறுப்பார் என்று நினைத்தேன். வாங்கிக் காதில் வைத்தார். அவள் "ஹலோ, அண்ணே" என்றது எனக்கும் கேட்டது.

"நாந்தான் ஆத்தா," என்றார். "வந்துக்கிட்டு இருக்கேன்."